பெடல் அமத்த ஒராள்

கிளச் பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போய் அங்கேயே கிடந்தது. எமில்ராஜ் குனிந்து அதைக் கையால் மேலே இழுத்துவிட்டு மறுபடியும் மிதித்தான். மறுபடியும் கிடந்தது.

“கயிறு கட்டி இழுத்தா என்ன, அண்ணை?”

கனிசியஸ் காரின் முன்மூடியைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். “முப்பது வருசம் ஸ்ராண்டிலை ஓடினவன்ரை காரை நாய்க்குட்டி மாதிரி இழுத்துக்கொண்டு போகச் சொல்லுறீரோ? இறங்கும் தம்பி. உம்மடை காருக்குக் கிளச்சே இல்லை. உமக்கென்ன தெரியும்?”

வேலியோரம் நின்ற ஓட்டுநர்கள் சிரித்தார்கள். பிறகு செத்தவீடு என்ற நினைவு வர, ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவர்களில் ஒருவர் இறந்தால் அவருடைய கார் பெட்டிக்கு முன்னால் போகும். ஓட்ட ஒருவர் மட்டும் இருப்பார், மற்ற இருக்கைகள் வெறுமையாக இருக்கும். கோயில்வரை நடைவேகம்தான். கிளச் இல்லாமல் அந்த வேகத்தில் ஓட்ட முடியாது. மூன்றரைக்குப் பூசை. இப்போது இரண்டு மணி தாண்டிவிட்டது.

“கிளச்சுக்கை காத்துப் போட்டுது,” என்றார் கனிசியஸ். “அதை வெளியிலை எடுக்கவேணும். ஒராள் மேலை இருந்து பெடல் அமத்தவேணும், ஒராள் கீழை.”

“நான் அமத்துறன் மாமா.”

ஜெனிற்றா எப்போது வெளியே வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. உள்ளே, கூடத்தில், அவளுடைய அப்பா சிமியோன் பெட்டிக்குள் கிடந்தார். பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“நீர் வெள்ளைச் சீலையோடை...” என்று தொடங்கினான் எமில்ராஜ். அவன் மனைவி அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டாள்.

கனிசியஸ் பிறேக் ஒயில் தகரத்தை அவன் கையில் கொடுத்தார். “நீர் இந்தக் கிண்ணத்துக்கை ஒயில் விட்டுக்கொண்டு நில்லும். குறையவிடாதேயும். குறைஞ்சா திரும்பவும் காத்துத்தான்.”

இருக்கை அப்பாவின் உடம்புக்கு ஏற்றபடி பள்ளமாகியிருந்தது. எட்டு வயதில் அவள் இதில் உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தால் கால் எட்டாது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, முழுப் பாரத்தையும் பெடலில் போட்டு அமத்துவாள். காருக்குக் கீழேயிருந்து அப்பாவின் குரல் மட்டும் வரும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தக் குரல் தொலைபேசியில் வந்தது. “கிளச்சுக்கை காத்துப் போட்டுது பிள்ளை. பெடல் அமத்த ஒராள் வேணும். வாறியே?”

அவள் பருத்தித்துறையில் சோதனைத் தாள்களை விரித்துவைத்துக்கொண்டு இருந்தாள். “உதுக்கு நான் பஸ் ஏறி வரவேணுமே அப்பா? கராச்சிலை குடுங்கோவன். இல்லாட்டி சனிக்கிழமை பாப்பம்.”

“ஓம், ஓம். சனிக்கிழமை.”

வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு செபஸ்தியம்மா தேத்தண்ணி கொண்டுபோனபோது அப்பா கதிரையில் இருந்தபடியே போயிருந்தார். அந்த அழைப்பைப் பற்றி ஜெனிற்றா யாரிடமும் சொல்லவில்லை. எமில்ராஜிடம்கூட.

இன்று சனிக்கிழமை.

“அமத்து பிள்ளை,” என்றார் காருக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்திருந்த கனிசியஸ்.

அமத்தினாள். “ஓம்.”

கீழே, காற்றை வெளியே விடும் நிப்பிள் திறந்தது. காலுக்குக் கீழே பெடல் மெதுவாக அமிழ்ந்தது. நிப்பிளில் மாட்டிய ரியூப்பின் நுனி விட்டிருந்த போத்தலுக்குள் காற்று கொப்புளமாக வெளியேறும் சத்தம் கேட்டது.

“பூட்டியாச்சு. விடு.”

இப்படி நாலைந்து தடவை நடந்தது. கனிசியஸின் கைகள் வழுக்கத் தொடங்கின.

“சீற்றுக்குக் கீழை பழந்துணி கிடக்கும். எடுத்துத் தா.”

அவள் கையை விட்டுத் துழாவினாள். துணியோடு ஒரு தடியும் வந்தது. முழங்கை நீளம். ஒரு முனையில் சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது. மற்ற முனை கத்தியால் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. கைபட்டுக் கைபட்டுக் கறுத்திருந்தது.

“இது என்ன மாமா?”

கனிசியஸ் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார்.

“அதுவோ? உன்ரை அம்மா செத்தாப்பிறகு சிமியோன் செய்தவன். பெடலை அமத்திப்போட்டு, அதைச் சீற்றோடை முண்டுகுடுத்து விடுவான். பிறகு இறங்கிவந்து, கீழை படுத்து, நிப்பிளைத் திறந்து பூட்டிப்போட்டு, திரும்ப எழும்பிப் போய்த் தடியை எடுப்பான். ஒவ்வொருக்காலும் அப்பிடித்தான். ஒரு பின்னேரம் முழுக்கப் போம். ஆனாத் தனியச் செய்துபோடுவான். ஆறு வருசமா ஆரையும் கூப்பிடேல்லை.”

துணியை வாங்கிக் கையைத் துடைத்தார்.

“இந்தமுறைதான் ஏனெண்டு விளங்கேல்லை. திங்கக்கிழமை நான் வந்து கேட்டனான், வா ரெண்டு பேருமாச் செய்வமெண்டு. வேண்டாம், சனிக்கிழமை என்ரை ஆள் வரும் எண்டவன். அதாராடா உன்ரை ஆள் எண்டு கேட்டன். சிரிச்சுப்போட்டு உள்ளை போயிட்டான். அந்த நாலு நாளும் கார் இதிலைதான் நிண்டது.”

அவர் மறுபடியும் கீழே போனார். ஜெனிற்றா தடியைத் திருப்பிவைக்கவில்லை. மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டாள். வெள்ளைச் சேலையில் எண்ணெய் ஊறத் தொடங்கியது. எமில்ராஜ் முன்மூடிக்கு அப்பால் நின்றதால் அவனுக்கு அது தெரியவில்லை.

“அமத்து.”

“ஓம்.”

“விடு.”

இப்போது பெடல் பாதத்தை எதிர்த்துத் தள்ளியது. கொப்புளச் சத்தம் நின்றுவிட்டது. போத்தலுக்குள் ஒயில் மட்டும் இறங்கியது. கனிசியஸ் நிப்பிளை இறுக்கிவிட்டு, சாக்கை உதறி மடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

“சரி. காத்தெல்லாம் வெளியிலை போட்டுது. நல்லா ஏறிப் பிடிக்குது, என்ன?”

அவள் தலையாட்டினாள்.

செபஸ்தியம்மா வாசலுக்கு வந்தாள். “கோயிலிலை இருந்து சாமி வெளிக்கிட்டிட்டாராம் பிள்ளை. பெட்டி மூடப்போயினம். கெதியா உள்ளை வா.”

“வாறன் மாமி.”

அவள் இறங்கவில்லை. இடது கால் பெடலின் மேலேயே இருந்தது.

“மாமா.”

“என்ன பிள்ளை?”

“இன்னொருக்காப் பாப்பமே?”

கனிசியஸ் போத்தலைப் பார்த்தார். அதில் ஒரு கொப்புளமும் இல்லை. பிறகு அவள் மடியில் கிடந்த தடியைப் பார்த்தார். எமில்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

மடித்த சாக்கை மறுபடியும் காரடியில் விரித்தார். முழங்காலை ஊன்றி, மெல்லச் சரிந்து, மல்லாந்து உள்ளே போனார்.

“ஓம்,” என்றார். “அமத்து.”