ஏழாம் வரிசை, பதினாலாம் இருக்கை

எங்கள் தியேட்டரில் எல்லாம் மடிகிற இருக்கைகள். ஆள் உட்கார்ந்தால் இறங்கும், எழுந்தால் டப்பென்று தானே மேலே போய்விடும். படத்துக்கு முன்னால் ராஜாவை வாழ்த்தும் ராஜ கீதம் திரையில் ஓடும்போது எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நானூறு இருக்கைகளும் மேலே இருக்கும். இருபத்தெட்டு வருஷமாக நான் பார்த்து வந்தது இதைத்தான். ஆகவே, ஆளே இல்லாத ஓர் இருக்கை அந்தப் பாட்டு ஓடும்போது மட்டும் தானாகக் கீழே இறங்குகிறது என்று நான் சொன்னால், கிழவிக்குக் கண் மங்கிவிட்டது என்று சிரிக்காதீர்கள். சிரித்தவர்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன்.

என் பெயர் ப்ரயோங். பிச்சித் ஊரில் ஆற்றங்கரைச் சந்தைக்கு எதிரே இருக்கும் பயோம் தியேட்டரில் சீட்டு கிழிப்பது, டார்ச் அடித்து இடம் காட்டுவது, ஆட்டம் முடிந்ததும் பெருக்குவது எல்லாம் நான்தான். எனக்கு வாய் நீளம் என்பார்கள். கை நீளம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த மாதமே முகாமிலிருந்து கேப்டன் வீரயுத் வந்தார். கசங்காத சட்டை, சர்க்கரை போட்ட பேச்சு. எங்கள் முதலாளி ஹெங் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்கார நேரமில்ல முதலாளி. ராஜ கீதம் ஓடுறப்ப எந்திரிக்காம இருக்கிறவங்க யாருன்னு எனக்குத் தெரியணும். டார்ச் யாருகிட்ட இருக்கு?"

ஹெங் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் என்னைக் காட்டினார்.

"அம்மா, வரிசை வரிசையா ஒளி அடிச்சுப் பாருங்க. இருக்கை நம்பரை ஒரு சீட்டுல எழுதி முகாமுக்குக் குடுத்து விடுங்க. அவ்வளவுதான் வேலை."

"பாட்டு ஓடுறப்ப நான் எப்படிங்கய்யா நடக்கிறது? நானும்தானே நிக்கணும்?"

"உங்களுக்கு மட்டும் அனுமதி."

அப்படியாக, ராஜ கீதம் ஒலிக்கும்போது அசைவதற்கு அனுமதி பெற்றவள் எங்கள் ஊரில் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

வாத்தியார் அதுன் பற்றிச் சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறவர். அவர் மனைவி நுவன் எங்கள் தியேட்டர் படிக்கட்டில் வாழைப்பழ பஜ்ஜியும் தர்பூசணி விதையும் விற்கிறாள். சனிக்கிழமை தோறும் அடுப்பைத் தூக்கிவந்து வைத்துக் கொடுத்துவிட்டு, வாத்தியார் பதினோரு மணி ஆட்டத்துக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். எப்போதும் ஏழாம் வரிசை, பதினாலாம் இருக்கை. ஆட்டம் முழுக்க விதையைக் கொறித்துத் தொலியைத் தரையில் துப்புவார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"வாத்தியாரே, உங்க வகுப்புல இப்படித் துப்புனா விடுவீங்களா?"

"வகுப்புல இருட்டு இல்லையே யோங் அக்கா, மாட்டிக்குவேன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. குனிந்து பெருக்குகிறவள் நான்.

அந்தச் சனிக்கிழமை எனக்கு இடுப்பு வலி. ராஜ கீதம் தொடங்கியது. வாசல் திரைக்கு முன்னால் நின்றபடி வரிசைகள்மேல் ஒளியை ஓட்டினேன். எல்லா இருக்கையும் மேலே. ஏழாம் வரிசையில் பதினாலு மட்டும் கீழே இருந்தது, அதன்மேல் கறுப்பாக ஏதோ குவிந்து கிடந்தது. மனுஷன் எழுந்திருக்கக்கூட இல்லை, அவ்வளவு திமிர் என்று நினைத்தேன். இன்னொரு முறை ஒளி அடித்துப் பார்த்திருக்கலாம். போன வாரம் பெருக்கிய தொலிதான் கண்முன் வந்தது. சீட்டை எடுத்து எழுதிவிட்டேன்.

நம்பரைத்தானே எழுதினேன், பேரை எழுதவில்லையே என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது யாருடைய இருக்கை என்று எனக்குத் தெரியாதா என்ன.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கே ராணுவ வண்டி போய் அவரை ஏற்றிக்கொண்டது. ஏழு நாள் மனப்போக்கைத் திருத்தும் வகுப்பு என்றார்கள். எட்டாம் நாள் நுவன் முகாம் வாசலில் போய் நின்றபோது, ஒரு பேரேட்டைத் திறந்து அவருடைய கையெழுத்தைக் காட்டினார்கள். நேற்றே போய்விட்டார் என்றார்கள். வீட்டுக்கு வரவில்லை. பள்ளிக்கும் வரவில்லை. நுவன் தினமும் வழக்கம்போல் படிக்கட்டில் அடுப்பை வைத்தாள், இப்போது சனிக்கிழமையும் அவளே தூக்கி வந்து வைத்தாள். இடைவேளையில் எனக்கு ஒரு பஜ்ஜியை இலையில் வைத்துக் கொடுத்தாள். நான் தின்றேன்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அது தொடங்கியது. ராஜ கீதம், எல்லோரும் நிற்கிறார்கள், அந்த இருக்கையில் ஆளில்லை. டக். மெதுவாக, கனமான ஒன்றை வைத்தாற்போல் இறங்கியது. பாட்டு முடிந்ததும் மேலே போனது. அதே நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் காகிதம் கசங்குகிற சத்தம் லேசாகக் கேட்டது. திரைச்சீலை உரசுகிறது என்று நினைத்தேன்.

"ஸ்ப்ரிங் போயிடுச்சு" என்றார் ஹெங். எண்ணெய் விட்டார். ஸ்ப்ரிங்கை மாற்றினார். அடுத்த வாரமும் டக். பிறகு அந்த இருக்கைக்குச் சீட்டு கொடுப்பதையே நிறுத்தினார். நான் அந்த நம்பரை மறுபடி எழுதவே இல்லை. அந்த வரிசைக்கு வரும்போது டார்ச்சைத் தாழ்த்திக்கொள்வேன்.

மழை முடிகிற சமயத்தில் ராஜா இறந்துபோனார். நான் பிறந்ததிலிருந்து ஒரே ராஜாதான், அழுதேன், ஊரே அழுதது. தியேட்டரை ஒரு மாதம் மூடச் சொன்னார்கள். கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோய், சந்தையில் அண்டா வைத்துப் பழைய சட்டைகளுக்குச் சாயம் போட்டார்கள். பழைய ராஜா இல்லை, புது ராஜா இன்னும் அமரவில்லை. முன்கூடத்துச் சுவரில் புது ராஜாவின் படத்துக்காக ஹெங் வெறும் ஆணியை மட்டும் அடித்துவைத்துவிட்டு, அதற்கும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டு போனார்.

அந்த மாதத்தில் ஒரு நாள் நுவன் பின்வாசல் வழியாக வந்தாள். சாயம் ஏறிய கை, விரல் நகமெல்லாம் கறுப்பு. ஒரு தாளை நீட்டினாள்.

"யோங் அக்கா, நீ ஒரு கையெழுத்துப் போடணும். மனு குடுக்கிறேன். சாட்சி வேணுமாம்."

"எதுக்குச் சாட்சி?"

"அவர் நின்னாருன்னு."

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு அவர் இருக்கையிலேயே இல்ல அக்கா. விதைப் பொட்டலம் வாங்க மறந்துட்டு, விடைத்தாள் பையை இருக்கையில வெச்சிட்டு வெளிய வந்தாரு. நான்தான் பொட்டலம் கட்டிக் குடுத்தேன். உள்ள நுழையுறப்ப பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. அப்படியே வாசல் திரைகிட்ட நின்னுட்டாரு. ஆணி அடிச்ச மாதிரி, கையில பொட்டலத்தோட. திரை இடுக்குல எனக்கு முதுகு தெரிஞ்சுது. நானும் இங்க கரண்டியோட நின்னேன். முகாம்ல சொன்னா, 'இருக்கை கீழ இருந்துதுன்னு எழுத்துல இருக்கு'ங்கிறாங்க. நீ உள்ளதானே இருந்த. நீ பாத்திருப்பியே?"

பை. அந்தக் கறுப்புக் குவியல் பை. வாத்தியார் எனக்கு நான்கடி பின்னால், என் முதுகுக்கு நேராக நின்றிருக்கிறார். நான் திரும்பவே இல்லை.

"இருட்டுல எனக்கு என்னடி தெரியும்" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"யோசிச்சுப் பாரு அக்கா. தாளை வெச்சுக்கோ. நீ சொன்னா நம்புவாங்க. அப்புறம் தேடியாச்சும் பாப்பாங்கல்ல?"

தாளை டிக்கெட் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன்.

புது ராஜா அமர்ந்தார். ராஜ கீதத்துக்குப் புதுப் படச் சுருள் வந்தது. தியேட்டரைத் திறக்கிற அன்று பதினோரு மணி ஆட்டத்துக்குக் கேப்டனே வருகிறார் என்றதும் ஹெங் ஏழாம் வரிசைக்கு ஓடினார். புது ராஜாவுக்கு முதல் மரியாதை, அந்த நேரம் பார்த்து இருக்கை இறங்கினால்?

"யோங், கம்பி எடு. கட்டிப் போட்டுடலாம்."

"கட்டினா மட்டும் கேக்குமா முதலாளி?"

"வாயைக் கழுவு!"

நாலு சுற்று இரும்புக் கம்பி போட்டு இறுக்கினார். வலுவாக இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

கூடம் நிறைந்துவிட்டது. அத்தனை பேரும் கறுப்புடை, தலைகளும் தோள்களும் தனித்தனியாகத் தெரியவில்லை. கேப்டன் கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் நின்றார். திரையில் புது ராஜாவின் முகம் வந்தது. பழைய பாட்டு ஒலித்தது. நான் டார்ச்சை ஓட்டினேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே. ஏழுக்கு வந்தபோது கம்பி தெறித்த சத்தம் பாட்டையும் மீறிக் கேட்டது. டக். வெறும் இருக்கை ஒளியில் கீழே விரிந்து கிடந்தது.

கேப்டன் விறைப்பாக நின்றபடியே கண்ணால் எனக்குச் சைகை காட்டினார். எழுது.

அப்போது பின்னால் காகிதம் கசங்கியது.

ஏழு மாதமாகக் கேட்ட சத்தம். ஏழு மாதமாக இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்த முட்டாள் நான். டார்ச்சை வாசல் பக்கமாகத் திருப்பினேன்.

வெள்ளைச் சட்டை. அந்தக் கூடத்திலேயே, ஏன், அந்த ஊரிலேயே அன்று ஒரே வெள்ளைச் சட்டை. வாத்தியார் அதுன் படத்திரையைப் பார்த்தபடி நேராக நின்றுகொண்டிருந்தார். கையில் விதைப் பொட்டலம், பிரிக்காமல். கண் இமைக்கவில்லை. ராஜா மாறியது அவருக்குத் தெரியாது. கால்களில் செருப்பு இல்லை. முழங்கால் வரை செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. எங்கள் ஊரில் கரிசல் மண்தான். செம்மண் இருப்பது முகாமுக்குப் பின்னால் உள்ள மேட்டில் மட்டும்.

ஒளி போன திசையில் கேப்டனும் தலையைத் திருப்பினார். ராஜ கீதம் ஓடும்போது, சீருடையில், அவர் அசைந்தார். பாட்டு முடிந்ததும் வாசலில் திரைச்சீலை மட்டும் தொங்கியது.

என்னை டிக்கெட் அறைக்குள் கூப்பிட்டார். தொப்பியை மேசைமேல் வைக்கப் போய் அது கீழே விழுந்தது.

"நம்பர் எதுவும் எழுத வேணாம்."

"இருக்கை கீழ இருந்துதே ஐயா?"

"எழுத வேணாம்னு சொல்றேன். வாசல்ல நீங்க யாரையும் பாக்கல."

"நீங்க பாத்தீங்களா?"

சர்க்கரையெல்லாம் போய்விட்டது. "காலையில வண்டி வரும். ஏழு நாளுக்கு மாத்துத் துணி எடுத்துக்குங்கம்மா" என்றார்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்து நுவனின் தாளை எடுத்தேன். பயமாகத்தான் இருந்தது. எழுதினேன்: ஏழாம் வரிசை, பதினாலாம் இருக்கைக்காரர் அன்றும் வாசலில் நின்றுகொண்டிருந்தார், இன்றும் நின்றார். நான் இருக்கையைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன், ஆளைப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தவள் ப்ரயோங். செம்மண்ணைப் பற்றி எழுத வரவில்லை.

மறுநாள் காலை வண்டி வந்தபோது நான் தியேட்டர் வாசலில் துணிப்பையோடு நின்றேன். இரண்டு சிப்பாய்கள். படிக்கட்டில் நுவன் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்றேன். விடவில்லை. ஒருவன் என் முழங்கையைப் பிடித்தான்.

மணி எட்டு. தினமும்போல் சந்தை ஒலிபெருக்கியில் தேசிய கீதம் தொடங்கியது. மீன் வெட்டுகிறவள் கத்தியை ஓங்கியபடி நின்றாள். சைக்கிள்கள் நின்றன. சிப்பாய்கள் என் கையை விட்டுவிட்டு விறைத்து நின்றார்கள். கரண்டியோடு நுவனும் நின்றாள். ஊரே சிலையானது.

அசைய அனுமதி பெற்றவள் நான் ஒருத்திதானே. நடந்தேன். பத்தடி தூரம். அத்தனை கண்களும் என்னைப் பார்த்தன, ஒருவராலும் கைநீட்ட முடியவில்லை. நுவனின் கறுப்பு விரல்களுக்குள் தாளைச் செருகினேன். பாட்டு முடிகிறவரை அவள் அசையவில்லை, கண் மட்டும் எழுத்தின் மேல் ஓடியது.

பாட்டு முடிந்தது. சிப்பாய்கள் ஓடிவந்து பிடித்தார்கள்.

"நீயா?" என்றாள் நுவன். "ஏழு மாசமா என் கையால வாங்கித் தின்னியே."

திட்டுவாள், கரண்டியை வீசுவாள் என்று காத்திருந்தேன். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். தியேட்டர் வாசல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் நிக்கிறாரா அக்கா?"

"ஆமா."

"கால் கடுக்குமே" என்றாள். "உக்காரச் சொல்லு. நீ சொன்னாத்தான் உக்காருவாரு."

வண்டியில் ஏற்றும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு, இருண்டு கிடந்த வாசலைப் பார்த்துக் கத்தினேன். "வாத்தியாரே, உக்காருங்க!"

"யாரைச் சொல்ற?" என்றான் சிப்பாய்.

ஆளில்லாத கூடத்துக்குள்ளிருந்து, டக்கென்று, ஓர் இருக்கை இறங்கும் சத்தம் கேட்டது. நுவனுக்கும் கேட்டது. அடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள்.