யார் சைக்கிள் முன்னாடி

“முன்னாடி என் சைக்கிள்தான் நிக்கணும். நான்தான மூத்தவ?”

“மூத்தவன்னா வயசுல மூத்துக்க. சைக்கிள்ல என்னக்கா மூப்பு? என்னுது முந்தாநாளே வாங்கி வச்சது.”

“முந்தாநாளே வாங்குனவ எதுக்குடி சாக்கைப் போட்டு மூடி வச்ச? களவாண்ட சைக்கிளா?”

“நீ மட்டும் ஊரைக் கூட்டிக் குலவை போட்டா வாங்குன?”

செல்லூரில் எங்கள் தெரு அன்று விழித்ததே இந்தச் சத்தத்தில்தான். நான் அதற்கு முன்பே எழுந்து வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். தெளித்த இடத்திலேயே மறுபடியும் தெளித்தேன். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் சண்டை கேட்பதற்கு எந்த பாஷையும் எனக்கு இடைஞ்சல் இல்லை.

இருவரும் அக்கா தங்கை. எதிர்வீட்டில் கீழே மூத்தவள் ஜெயக்கொடி, மாடியில் இளையவள் முருகம்மாள். எழுமலையில் இவர்களுக்கு ஒரே அண்ணன், மலையாண்டி. அவருக்கு ஒரே மகள், சத்யப்ரியா. காலேஜ் முடித்து உசிலம்பட்டியில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஜெயக்கொடிக்குச் சிவக்குமார் என்று ஒரு மகன். முருகம்மாளுக்குப் பாண்டிச்செல்வம் என்று ஒரு மகன். இரண்டு பேரும் அத்தை மகன்கள், இரண்டு பேருக்கும் முறை உண்டு. பெண் மட்டும் ஒன்று. அந்தப் பெண்ணை மருமகளாக்கிக்கொள்ள அக்காளும் தங்கையும் வேண்டாத சாமியில்லை.

ஒரு கல்யாணப் பந்தியில் அந்தப் பிள்ளை, “பஸ் ஸ்டாப்புக்கு நடந்தே கால் தேயுது, ஒரு சைக்கிள் இருந்தாத் தேவல” என்று யாரிடமோ சொல்லியிருக்கிறாள். இரண்டு அத்தைகளுக்கும் அடுத்தடுத்த இலை. இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டு பேரும் காதில் விழாத மாதிரி ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு மலையாண்டி புது வீடு கட்டிப் பால் காய்ச்ச நாள் குறித்தார். வாடகைக் காரைச் சேர்ந்து பிடித்ததோடு ஒற்றுமை முடிந்தது. கார் வந்து நின்றதும் கீழ்வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிவப்பு லேடீஸ் சைக்கிள் வெளியே வந்தது. மாடிப்படியிலிருந்து ஒரு நீலம் இறங்கியது. நீலத்துக்கு முன்னால் கூடை வேறு. அந்தக் கூடையைப் பார்த்ததும் ஜெயக்கொடியின் முகம் போன போக்கு இருக்கிறதே, அதற்காகவே நான் வாளியைக் கீழே வைத்தேன்.

டிரைவர் மருது விவரமானவன்தான். “எக்கா, ரெண்டையும் கார் மேல கவுத்து வச்சுக் கட்டிர்றேன். சீட்டும் ஹேண்டில்பாரும் கேரியர்ல படிஞ்சுக்கிரும், சக்கரம் மேல நிக்கும். ஆடாம வரும்” என்றான்.

அப்போதுதான் அக்காளும் தங்கையும் ஒரே குரலில் பேசினார்கள். “சீர்ச் சாமானைக் கவுக்கச் சொல்றியா?”

இவர்கள் பக்கத்து வழக்கம் அது. குடமானாலும் அண்டாவானாலும் கவிழ்த்துக் கொண்டுபோனால் உறவும் கவிழ்ந்துபோகுமாம்.

“குடத்துக்கு வாய் இருக்கு, கவுத்தாத் தப்புதான். சைக்கிளுக்கு வாய் எங்கக்கா இருக்கு?” என்றான் மருது.

“அதான் உனக்கு இருக்கே அம்புட்டு நீளத்துக்கு. நிக்க வச்சுக் கட்டு.”

அப்படியானால் ஒன்று முன்னால் பார்த்தும் ஒன்று பின்னால் பார்த்தும் நிற்கட்டும், ஹேண்டில்பார் இடிக்காது என்றான். பின்னால் பார்க்கிற சைக்கிள் யாருடையது என்று இன்னொரு சுற்று நடந்தது. கடைசியில் இரண்டும் வண்டிமாடு மாதிரி பக்கத்தில் பக்கத்தில், முன்பார்த்து, இம்மி பிசகாமல் நின்றன. வீட்டு ஆம்பளைகள் முதல் பஸ்ஸிலேயே கிளம்பியிருந்தார்கள், பட்டறிவுள்ளவர்கள். பின் சீட்டில் அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவில் இடம் காலியாக இருந்தது. தடுப்புக்கு ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நானும் பட்டுச்சேலையைத் தயாராகத்தான் எடுத்து வைத்திருந்தேன்.

செக்கானூரணியில் டீ குடிக்க நிறுத்தினோம். முருகம்மாள் டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தபோது ஜெயக்கொடி மருதுவின் காதில் ஏதோ சொன்னாள். கயிறு அவிழ்ந்தது, சிவப்பு ஒரு சாண் முன்னே நகர்ந்தது, கயிறு இறுகியது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. “ஏன் முருகு, உன் கூடை கொஞ்சம் பின்வாங்குன மாதிரி இருக்கே?” என்று கேட்டேன், அவ்வளவுதான்.

உசிலம்பட்டியில் முருகம்மாளுக்குத் திடீரென்று பூ வாங்க வேண்டியிருந்தது. அக்காள் மல்லிகைக்குப் பேரம் பேசிய நேரத்தில் நீலம் ஒன்றரைச் சாண் நகர்ந்தது. எழுமலை ரோட்டில் ஜெயக்கொடிக்கு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. இறங்கினாள், வாந்தி வரவில்லை, சிவப்பு முன்னால் வந்தது. ஊர் எல்லையில் முருகம்மாளுக்குச் செருப்பு மாட்டவில்லை. இப்படியே போய், இரண்டு முன்சக்கரமும் கண்ணாடிக்கு மேல் தொங்க, மருது கழுத்தை நீட்டிச் சக்கரங்களுக்கு நடுவே பார்த்துத்தான் ஓட்டினான்.

மலையாண்டி வீட்டு வாசலில் மூங்கில் வளைவு, சீரியல் பல்பு, இரண்டு பக்கமும் தாரோடு வாழைமரம். சத்யப்ரியா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள். சீர் வாசல்வரை ஏறி வரவேண்டும் என்று இரண்டு அத்தைகளும் சொல்ல, பந்தல்காரன் காரின் உயரத்தைப் பார்த்தான், மேலே நின்ற சைக்கிளைப் பார்க்கவில்லை. “வா, வா, வா… ரைட்டு” என்றான்.

ஹேண்டில்பார் இரண்டும் வளைவில் மாட்டின. வளைவு, பல்பு, வாழைமரம் எல்லாம் வரிசையாகச் சாய்ந்து, ஒரு தார் பானெட்டில் வந்து உட்கார்ந்தது. மங்கலக் காரியத்தில் வாசல் வாழை விழுந்தால் என்ன அர்த்தம் என்று கூட்டத்தில் ஒரு கிழவர் ஆரம்பித்தார். யாரோ அவர் வாயில் வெற்றிலையைத் திணித்தார்கள்.

“உன்னுதுதான்டி முன்னாடி இருந்துச்சு” என்றாள் ஜெயக்கொடி.

“என்னுது எங்க இருந்துச்சு? மூத்தவ சைக்கிள்தான முன்னாடி நிக்கணும்னு காலையிலயே சொன்ன?”

“கடைசியா நகத்துனவ நீ. செருப்பு மாட்டலைன்னு இறங்குனியே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“நீ வாந்தி எடுத்த லட்சணம் எனக்கும் தெரியும்.”

மருதுவைச் சாட்சிக்கு இழுத்தார்கள். “எனக்கு ரெண்டு டயருதான் தெரிஞ்சுச்சு. ரோடே தெரியல” என்றான்.

மலையாண்டி கத்துகிற ஆள் இல்லை. விழுந்த வாழையைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பினார்.

“ஆத்தா, ரெண்டு சைக்கிள் வச்சிருக்கையிலயே என் பந்தலு போச்சு. ஒத்தப் பிள்ளைய வச்சுக்கிட்டு உங்க ரெண்டு பேருக்கும் நான் என்ன சொல்ல? ஒருத்தி வீட்டுக்குக் குடுத்தா இன்னொருத்தி என் செத்த வீட்டுக்கும் வர மாட்டா. நான் பிள்ளைய அசல்ல குடுக்கப் போறேன்.”

அசல் என்றால் சொந்தமில்லாத இடம். அந்த ஒரு சொல்லுக்கு அக்காள் தங்கை இருவரும் சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனார்கள்.

“அண்ணே, உரிமைப் பிள்ளைண்ணே” என்றாள் ஜெயக்கொடி.

“உரிமையத்தான் கார் மேல கட்டிக் கொண்டாந்தீகளே, பாத்தேன். எலையப் போடுங்கப்பா.”

சாப்பிட்டபின் நான் சத்யப்ரியாவைத் தனியே பிடித்தேன். உனக்கு இதில் வருத்தமா தாயி என்று கேட்டேன்.

“வருத்தமெல்லாம் இல்லங்க. கூடை வச்சது நல்லாருக்கு, நோட்டு வச்சுக்கிறலாம்” என்றாள்.

திரும்பி வருகையில் பேச்சுவாக்கில் அதைச் சொல்லிவிட்டேன். ஜெயக்கொடி தீபாவளிவரை என்னோடு பேசவில்லை.

அடுத்த தையில் சத்யப்ரியாவைச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற ஒரு குடும்பத்தில் கொடுத்தார்கள். பையனுக்குக் கூட்டுறவு வங்கியில் வேலை. பாண்டிச்செல்வம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய், அங்கேயே பல்லடத்துப் பெண்ணைக் கட்டி, முருகம்மாளையும் கூட்டிப் போய்விட்டான். சிவக்குமாருக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் மகள் அமைந்தாள். ஜெயக்கொடியும் சாமான்களை ஏற்றிக்கொண்டு பரவைக்கே போனாள். எதிர்வீட்டில் இப்போது ஒரு புருஷன் பெண்சாதி. ஜன்னலோரம் போய் நின்றாலும் காதில் விழாத அளவுக்கு மெதுவாகப் பேசுகிறார்கள். பரவையில் ஜெயக்கொடிக்கு எதிர்வீடாக அமைந்தது என் நாத்தனார் வீடு. மருமகள் வந்த நாளிலிருந்து தினமும் இரண்டு வேளை சண்டை கேட்கிறதாம். கொடுத்து வைத்தவள்.