லூர்தெஸ் வளர்த்த படிகம்

மாடுகளுக்குக் கருச்சிதைவையும் பால் கறப்பவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும் லெப்டோஸ்பைரா கிருமியை வைத்துத்தான் மொண்டேவிடியோவில் எங்கள் ஆய்வுக்கூடம் ஓடியது. அந்தக் கிருமி உடம்புக்குள் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிய லூர்தெஸ் பெந்தாங்கூர் இரண்டு வருடம் போராடினாள். அவள் அப்பா பால் பண்ணையில் வேலை செய்தவர். அந்தக் கிருமி தந்த காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்தவர்.

முனைவர் பட்டத்துக்கு அந்த வருடம் ஒரே ஓர் இடம். ஒரு புரதத்தின் வடிவத்தைப் பார்க்க அதை முதலில் படிகமாக்க வேண்டும்; அது படிகமானதும் அந்த இடம் லூர்தெஸுக்குத்தான் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். பிரேசிலில் அதை எக்ஸ் கதிரில் படம் பிடித்து அனுப்பினார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை.

நேர்காணலுக்கு முந்தின நாள் மதியம் கணினி காட்டியதை நான் நம்பவில்லை. மறுபடி போட்டேன். அதே விடை. லூர்தெஸை அழைத்துக் காட்டினேன். புரதத்தைத் தயாரிக்க நாங்கள் ஈ.கோலை என்ற சாதுவான பாக்டீரியாவைத்தான் பயன்படுத்துவோம். படிகமாகி நின்றது அந்த பாக்டீரியாவின் சொந்தப் புரதம். உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சரக்கு. எங்கள் கிருமியுடையது துளிகூட அதில் இல்லை.

அவள் நாற்காலியில் உட்காரப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வால்தெர், அப்பாகிட்ட நேத்துதான் சொன்னேன்டா" என்றாள்.

இருவரும் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவி மிர்த்தா சராவியாவிடம் போனோம். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நாளைக்கு மட்டும் இதப்பத்தி வாயத் திறக்காதே. இடம் கைக்கு வரட்டும். அப்புறம் சரி பண்ணிக்கலாம்" என்றார்.

லூர்தெஸ் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஒவ்வொரு படத்துக்கும் ஆதாரம் கேட்டு எங்களை வறுத்தெடுத்த பெண்மணியா இவர் என்று எனக்குத் தலை சுற்றியது.

மறுநாள் நேர்காணல், வழக்கம்போல எல்லோர் முன்னாலும். லூர்தெஸ் முதல் படத்தைத் திரையில் போட்டதுமே, "இது நாங்க தேடின புரதம் இல்ல. தப்பு நடந்திருக்கு" என்று சொல்லி, எப்படி நடந்தது, இனி எப்படித் தவிர்ப்பது என்று நிதானமாக விளக்கினாள். நேர்காணல் குழுவின் தலைவர், மிர்த்தாவிடம் திரும்பி, இது தெரியுமா என்று கேட்டார்.

"இல்ல. இப்பதான் கேக்குறேன்" என்றார் மிர்த்தா.

குரலில் நடுக்கமே இல்லை. நான் எழுந்து நின்றேன்.

"அவங்களுக்கு நேத்தே தெரியும். நானும் அங்கதான் இருந்தேன். மறைக்கச் சொன்னாங்க."

மிர்த்தா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

குழு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தது. லூர்தெஸுக்கு இடம் கிடைத்தது, ஆனால் வேறோர் ஆய்வுக்கூடத் தலைவரின் கீழ். எனக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை போனது. மிர்த்தா மட்டும் அதே பதவியில், அதே அறையில்தான் இருந்தார். ஒருநாள் நான் என் பொருள்களை எடுக்கப் போனபோது நடைபாதையில் எதிர்ப்பட்டு, சௌக்கியமா என்று வழக்கம்போலக் கேட்டார். நான் நிற்காமல் அவரைக் கடந்து நடந்தேன்.