ஒற்றரின் நாட்குறிப்பு

நாட்குறிப்பின் நாற்பத்தோராம் பக்கத்தில் 'போகலாமா' என்று எழுதிவிட்டு, கேள்விக்குறி வேண்டுமா என்று ஒற்றர் யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். ஆஸ்பத்திரியில மறுபடி போன் பண்ணிட்டாங்க."

"அதைத்தானே எழுதிட்டிருக்கேன்."

ஒற்றர் உளவாளியல்ல, அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். ஊரார் விட்ட ஒற்றெழுத்துகளையெல்லாம் இருபத்தாறு வருடமாகச் சிவப்பு மையால் சேர்த்துச் சேர்த்து ஒட்டிக்கொண்ட பெயர். அச்சகம் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. நர்ஸான மனைவிக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலை வந்திருந்தது, குடியிருக்க வீட்டோடு. கூட வருகிறாரா என்பதுதான் கேள்வி.

இந்த நேரம் பார்த்து முதலாளி ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சியாளரை வரவழைத்தார். அவர் ஆளுக்கொரு நோட்டைக் கொடுத்து, "எழுதுங்கள், விடை உள்ளிருந்து வரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு அடுத்த கம்பெனிக்குப் போனார். அட்டையில் 'என்னை சந்திக்கும் நேரம்' என்று அச்சிட்டிருந்தது. ஒற்றர் முதலில் 'ச்' சேர்த்தார். பிறகுதான் தன்னைச் சந்திக்க உட்கார்ந்தார்.

இடப்பக்கம் போவதற்கான காரணங்கள், வலப்பக்கம் இருப்பதற்கானவை. மறுநாள் படித்தால் ஏதாவதொரு வாக்கியம் நொண்டும். திருத்தி, புதுப் பக்கத்தில் படியெடுப்பார். காரணங்கள் அப்படியே இருந்தன. தமிழ் மட்டும் மெருகேறிக்கொண்டே போனது. பெண்டாட்டி வேலைக்குப் போக, தான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா என்ற ஒன்றை மட்டும் அவர் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் கேட்டாள். "அப்படி என்னதாங்க எழுதுறீங்க, பரீட்சையா?"

"முடியட்டும், காட்டுறேன்."

"நான் கேட்டது ஒரு வார்த்தை."

திங்கட்கிழமை அச்சகத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். மதியமே வீடு திரும்பினார். அலமாரியில் அவள் சேலைகள் இருந்த தட்டு காலி. மேசையில் நோட்டு திறந்து கிடந்தது. அவருடைய அழகான பத்திக்குக் கீழே, மருந்து அட்டவணையில் எழுதுகிற அதே அவசரக் கையெழுத்தில் அவள் எழுதியிருந்தாள்:

'உங்களை கேட்டு பார்த்துவிட்டேன். போகிறேன். வர தோன்றினால் வாருங்கள்.'

படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மூன்றாம் முறை பார்த்தபோதுதான், சட்டைப்பைப் பேனா கைக்கு வந்திருந்தது தெரிந்தது. 'உங்களை'க்கு அடுத்து ஒரு க். 'கேட்டு'வுக்கு அடுத்து ஒரு ப். 'வர'வுக்கும் 'தோன்றினா'லுக்கும் நடுவே, இடமில்லாத இடத்தில், இன்னும் காயாத ஒரு த்.

அதை விரலால் துடைத்தார். சிவப்பு, 'வர' முழுக்கப் பரவியது.