ஆமாங்க டீச்சர்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. மடியில் பிள்ளை இருந்தால் இருக்கட்டும், தூங்கினால் தூங்கட்டும். இந்தக் கதை பிள்ளைக்கு இல்லை, உங்களுக்கு. ஒரு சலூன்காரர் தன் மகளுக்காகப் பேசக் கற்றுக்கொண்ட கதை. கற்றுக்கொண்டார்தான், ஆனால்... சரி, முதலில் இருந்து சொல்கிறேன்.

தங்கமான மனுஷன் அவர். கடையில் ஒரே நாற்காலி, எதிரே ஒரு கண்ணாடி. உட்கார்ந்தவர் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்பார். மழை வரும் என்றாலும் ஆமாங்க, அடுத்தவர் வந்து வராது என்றாலும் ஆமாங்க. "தலையைக் கொடுத்தவங்ககிட்ட வாதாடினா கத்தரி நேரா போகாது" என்று அதற்கொரு நியாயம் வேறு. கண்ணாடி வழியாகவே பேசிப் பேசி, ஒருவர் முகத்தை நேரே பார்த்துப் பேசுவது அவருக்கு விட்டே போயிற்று.

ஒரே மகள். ஓர் இடத்தில் நிற்காமல் பறந்துகொண்டிருப்பாள் என்று தும்பி எனக் கூப்பிடுவார்கள். சிறு வயதில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு இடது காது கேட்காமல் போயிற்று. வீட்டில் அது பெரிய சங்கதியே இல்லை. சாப்பிடும்போது எல்லோரும் அவளுக்கு வலப்பக்கம் உட்காருவார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மட்டும் சொல்லவில்லை. "செவிடுன்னு ஒரு தடவை பேர் விழுந்தா ஆயுசுக்கும் ஒட்டிக்கும்" என்று அம்மாவுக்குப் பயம். டீச்சரிடம் போய் இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யுங்கள் என்பது மரியாதை இல்லை என்று அப்பாவுக்கு நினைப்பு.

தும்பி உயரமான பெண். அதனால் கடைசி வரிசை, வலது சுவர் ஓரம். கேட்கிற காது சுவர் பக்கம், கேட்காத காது வகுப்பின் பக்கம்.

பெற்றோரைக் கூப்பிட்ட நாளில் டீச்சர் சொன்னார்: "கூப்பிட்டா திரும்பறதே இல்லைங்க. அவ்வளவு திமிர்."

சலூன்காரர் சிரித்தார். "ஆமாங்க டீச்சர், கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்திதான். நல்லா கண்டிச்சு வைங்க."

நம் பிள்ளையை நாமே முந்திக்கொண்டு திட்டிவிட்டால் டீச்சர் மனசு இளகும் என்பது அவர் கணக்கு. தும்பி பக்கத்தில்தான் நின்றாள். அது மட்டும் அவளுக்கு நன்றாகவே கேட்டது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் நடப்பதை வீட்டில் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

வருஷக் கடைசியில் சேதி வந்தது: தும்பியை மேல் வகுப்புக்கு அனுப்புவதாக இல்லை, ஹெட்மிஸ்ட்ரஸ் பெற்றோரைப் பார்க்க வேண்டும். கூடவே படித்த உயிர்த் தோழி மேலே போவாள், இவள் மட்டும் சின்னப் பிள்ளைகளோடு அங்கேயே. தும்பி சாப்பிட மறுத்துப் படுத்துவிட்டாள்.

அம்மா நாத்தனாரை, அதாவது சலூன்காரரின் அக்காவைக் கூப்பிட்டாள். நாத்தனார் பஸ் கண்டக்டர். வந்ததும் வராததுமாகச் சலூன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "நான்தான் ஹெட்மிஸ்ட்ரஸ். உங்க பொண்ணு சரியான சோம்பேறி!"

"ஆமாங்க" என்றார் தம்பி.

"டேய்! கத்தரிக்குக்கூட ரெண்டு பக்கம் இருக்கு, உன் நாக்குக்கு ஒரு பக்கம்தானா?"

தம்பி பெண்டாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்கா எழுந்து, தம்பியை நாற்காலியில் தள்ளி, கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி திருப்பினாள். "என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு."

"சண்டைக்குப் போற மாதிரி இருக்குக்கா."

"இதுல எங்கடா சண்டை? அடுத்த ஸ்டாப்பில இறங்கணும்னு நீ வாயைத் திறந்து சொன்னாதானே எனக்குத் தெரியும்? தும்பியைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது டீச்சருக்குத் தெரியாது. குரலை உயர்த்த வேணாம். என்ன கஷ்டம்னு சொல்லு, என்ன வேணும்னு கேளு."

"நீயே வந்து பேசிடேன்."

"பெத்தவங்க பேசினாதான் எடுபடும். நீயும்தாம்மா," என்று தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினாள். "செவிடுன்னு பேர் விழும்னு பயந்தே. இப்ப மக்குன்னு விழுந்திருக்கே, இது தேவலையா?"

சிரித்துக்கொண்டிருந்தவள், "நானும் பேசறேன் அண்ணி" என்றாள்.

தும்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் டீச்சரும் இருந்தார். "கவனமே இல்லைங்க இவகிட்ட" என்று ஆரம்பித்தார்.

"ஆ..." என்று தொடங்கிய சலூன்காரர் நிறுத்திக்கொண்டார். டீச்சர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "இல்லைங்க. எம் பொண்ணுக்கு இடது காது கேக்காது. திமிர் இல்லைங்க அது."

"முன் வரிசையில, வலது காது உங்க பக்கம் இருக்கற மாதிரி உக்கார வைங்க" என்றாள் அம்மா. "முகம் பாத்துக் கேட்டா பதில் சொல்லுவா. இன்னொரு தடவை பரீட்சை வச்சுப் பாருங்க."

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "இதை ஏன் இத்தனை நாள் சொல்லல? நான் அந்தப் பிள்ளையை வெளியில நிக்க வச்சிருக்கேனேங்க! அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே இடம் மாத்தியிருப்பேனே!"

பார்த்தீர்களா கண்ணுகளா? ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கிறது.

ஹெட்மிஸ்ட்ரஸ் நல்லவர், தானே எதிரில் உட்கார்ந்து மறுபடியும் பரீட்சை வைத்தார். புத்தகத்தில் இருந்ததற்கெல்லாம் தும்பி பதில் சொன்னாள். வகுப்பில் வாயால் நடத்தியது எதுவுமே அவளுக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. கேட்காத பாடத்தை எங்கிருந்து சொல்வாள்? அதே வகுப்பில் இருந்தால்தான் அவளுக்கு நல்லது என்று பெற்றவர்களுக்கே புரிந்துபோயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் தும்பி கேட்டாள். "இன்னிக்குச் சொன்னதை அன்னிக்கு ஏம்பா சொல்லல? அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க."

"தப்புதான்டா கண்ணு" என்றார். அவளும் தலையை ஆட்டினாள்.

புது வருஷத்தில் முன் வரிசையில் எல்லோரையும் விட உயரமாக உட்கார்ந்தாள். நன்றாகவே படித்தாள். தோழிக்கு வேறு தோழிகள் கிடைத்துவிட்டார்கள். பெற்றோரைக் கூப்பிட்டபோது சலூன்காரர் கடையைச் சாத்திவிட்டு, பேச வேண்டியதை எல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். டீச்சர் அன்பாகக் கேட்டார்: "பொண்ணுக்கு வேற ஏதாவது செய்யணுமாங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் தும்பி அவர் கையை மெல்ல அழுத்தினாள். "நானே சொல்லிக்கிறேன்பா."

தெளிவாகத்தான் சொன்னாள், தனக்கு வேண்டியதை எல்லாம். அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, இனி அவர் பேச்சு அவளுக்குத் தேவையில்லை என்று வருத்தமாகவும் இருந்தது. தயாராகக் கொண்டுபோன பேச்சை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார்.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் பிள்ளைக்காகச் சொல்ல வேண்டிய சொல் உங்கள் நாவில் வேளையோடு வரட்டும். உங்கள் வீட்டில் பிள்ளைகளின் பேச்சு ஓயாமல் கேட்கட்டும். பெற்ற பிள்ளைகளும் பெற்றவர்களும் நிறைந்து வாழட்டும்.