பூட்டுப் படம் போட்ட குறிப்பு

அம்மாவை யார் அதிகம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில் எனக்கும் சின்னவளுக்கும் தீராத சண்டை. சின்னவள் என்றால் என் தங்கை. பகல் எனக்கு, சாயங்காலத்துக்குமேல் அவளுக்கு. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பாத்ரூமுக்குப் போகவும் ஒரு தோள் வேண்டும். மூளைக்கும் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை.

சண்டையைத் தீர்த்துவைக்கத் தொலைதூரத்திலிருந்து அண்ணன் வந்தான், அதாவது போனில் வந்தான். கம்பெனியில் பத்துப் பேரை மேய்ப்பதால் வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பெயர். "ரெண்டு பேரும் கத்தாதீங்க. ஒரு ஆப் அனுப்பறேன். வேலைய ஆரம்பிக்கும்போது அமுக்கு, முடிஞ்சா அமுக்கு. யாரு எவ்வளவு நேரம் பாக்கறீங்கன்னு அதுவே சொல்லிடும்" என்றான். தூர இருப்பவனுக்கு யோசனைக்கா பஞ்சம்?

திறந்ததும் ஒரு முழ நீளத்துக்கு ஏதோ எழுத்து ஓடியது. கடைசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பட்டன். அச்சகத்துக்குப் பிழை திருத்துபவள் நான். ஊரான் எழுதியதில் ஒரு துணைக்கால் விட்டுப்போனாலும் கண்ணில் படும். அதை மட்டும் படிக்காமல் அமுக்கினேன். அம்மா அப்போது பாத்ரூமுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

நேரத்துக்குக் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம். பூட்டு இருந்தால் சாவி நம்மிடம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். குளிப்பாட்டினேன், மாத்திரை கொடுத்தேன், துணி மாற்றினேன். போகப்போகக் கை வேறு எதையோ எழுத ஆரம்பித்தது. வேறு யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் சொன்னால் "உங்கம்மாதானே" என்பார். சின்னவளிடம் சொன்னால் அவள் இடுப்பு என் இடுப்பைவிட அதிகம் வலிக்கும். 'மத்தியானத்துக்குள் நாலு தடவை பாத்ரூம். என் இடுப்பே விட்டுப்போச்சு.' 'தூக்கும்போது உதவாமல் மூட்டை மாதிரி தொங்குகிறாள்.' ஒரு நாள், 'இது எப்போதுதான் முடியுமோ.' எழுதி முடித்ததும் மூச்சு கொஞ்சம் சீராகும். அடுத்த வேலையைப் பார்ப்பேன்.

இதற்கிடையில் அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். தம்ளரை நீட்டினால் உதட்டை நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பாள். "தாகமில்ல" என்பாள். காய்ச்சல் வந்தது. வந்து பார்த்த டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு என்னைத்தான் முறைத்தார்.

"தண்ணியே உள்ள போகலயேம்மா. சிறுநீர்ல கிருமி வந்திருக்கு. இப்படியே விட்டா கிட்னிக்கு ஆபத்து."

சின்னவளுக்குக் கேட்கவா வேண்டும். "பகல்ல நீதானே இருக்க?" என்றாள். கெஞ்சினேன், அதட்டினேன். அம்மா அசையவில்லை. ஏன் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று புரியாமல் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

ஞாயிற்றுக்கிழமை தலையணையை மாற்றும்போது அம்மாவின் போன் சத்தம் போட்டது. எடுத்துக் கொடுக்கப் போனவள் திரையைப் பார்த்துவிட்டேன். 'உங்கள் வார அறிக்கை.' கீழே என் வார்த்தைகள். மூட்டை, இடுப்பு எல்லாம் வரிசையாக. மேலே தள்ளினால் போன வாரத்து அறிக்கை, அதற்கும் முந்தையது. எல்லாமே திறந்து படிக்கப்பட்டிருந்தன.

அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"கிளையன்ட் இல்லாம அதுல வேலையே தொடங்க முடியாது. யார் பேரப் போடறது? அம்மாவுக்குத்தானே வேலை, அம்மா நம்பரப் போட்டேன்."

"குறிப்புல பூட்டு இருந்துச்சேடா!"

"அது வெளியாளுங்க பாக்காம இருக்க. கிளையன்டுக்குப் போகும். எல்லாம் அதுல போட்டிருக்கே, நீதானே ஒப்புக்கறேன்னு அமுக்கின?"

"உடனே எல்லாத்தையும் அழி."

"என்னால முடியாது. குறிப்பெல்லாம் கிளையன்டோட சொத்து. அம்மா அமுக்கினாத்தான் அழியும்." பிறகு, "அப்படி என்னத்த எழுதித் தொலைச்ச?" என்றான்.

போனை வைத்துவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் படிச்சியாம்மா?"

"படிச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லலையே?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல அத்தனை வருஷம் உக்காந்தவடி நான். ஊர்க்கதையெல்லாம் காதுல விழும். விழுந்தத வாயில விட்டிருக்கேனா?"

"அதுக்குத்தான் தண்ணியக் குறைச்சியா?"

"குடிச்சா போகணும். போனா நீ தூக்கணும்."

அடுத்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "எப்போ முடியுமோன்னு எழுதினேனே... அதுவுமா?"

"அதுவும்தான். எனக்கும் அதேதான் தோணுது. என்ன பண்றது, நம்ம கையிலயா இருக்கு?" பக்கத்து வீட்டுக் கதை மாதிரி சொன்னாள்.

அழிக்கும் இடத்தைத் தேடிப்பிடித்துப் போனை அவளிடம் நீட்டினேன். "இத அமுக்கும்மா. எல்லாம் போயிடும்."

விரல் பட்டனுக்கு மேலே நின்றது. பிறகு போனைக் கவிழ்த்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம், இருக்கட்டும்."

"ஏம்மா? அசிங்கமா இருக்கும்மா எனக்கு."

"நாள் முழுக்கப் பக்கத்துலயே இருக்க. எழுந்திரு, சாஞ்சுக்கோ, வாயத் தொற. அதுக்குமேல ஒரு பேச்சு உண்டா? உனக்கு இடுப்பு வலிக்குதுன்னே இதப் பாத்துத்தான் தெரியும். இதையும் அழிச்சுட்டா நான் யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

அழுதுவிட்டேன். அவள் தடுக்கவில்லை. அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, தம்ளர் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது. நீ குடி."

என்னைப் பார்த்தாள். மடக்கு மடக்காக முழுவதும் குடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். கையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பினேன். நாலடி போனதும் நின்றாள்.

"வேலை ஆரம்பிக்கற பட்டன அமுக்கினியா?"

"இல்லம்மா."

"அப்ப மெதுவாவே போலாம்" என்றாள்.