அப்பா கழற்றிய படம்

பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை வைத்திருந்த என் அப்பா ஜோசையா ஆர்மராடுக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. அதை அவரே ஒப்புக்கொள்வார். லண்டன் பத்திரிகைகளில் ஓவிய விமர்சனம் எழுதிய ஆம்ப்ரோஸ் தர்ல்பி எதைக் கை காட்டினாரோ அதை வாங்கினார். வீட்டை ஒட்டி ஒரு காட்சிக்கூடமே எழும்பிவிட்டது.

திறப்பு விழா நெருங்கியபோது தர்ல்பி இன்னொரு படம் வாங்கச் சொன்னார். யாரும் கேள்விப்படாத லூயிசா பென்ஹேல் வரைந்தது. மழையில் ஆலை விட்டு வரும் பெண்கள். எல்லோரும் தலை குனிந்திருக்க, ஒருத்தி மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறாள். அப்பாவுக்கும் பிடித்துத்தான் இருந்தது; வாங்கி மாட்டினார். மேயர் வந்து, "இது உங்க ஆலை வாசல்தானே?" என்று கேட்டதும் பிடிக்காமல் போயிற்று.

அந்த முகத்தைக் கொஞ்சம் சிரித்தாற்போல மாற்றித் தரச் சொல்லுங்கள், வரைந்தவள் உங்கள் பேச்சைத் தட்டமாட்டாள் என்று தர்ல்பியிடம் சொன்னார் அப்பா.

"சொல்ல மாட்டேன்," என்றார் தர்ல்பி.

"சுவர் என்னோடது, தெரியுமில்ல?"

"தாராளமா கழட்டிக்குங்க. அவ மூஞ்சில கை வைக்க நான் ஆள் இல்ல."

"லண்டன்ல விமர்சகருக்கா பஞ்சம்? ஒரு விசிலடிச்சா வண்டி வண்டியா வந்து இறங்குவாங்க."

படம் மாடிக்குப் போனது. ஆனால் விழாவில் பேசப்போவது தர்ல்பி என்று ஊருக்கே அழைப்பு போயிருந்தது. அவர் வந்தார். குளிக்கும் தேவதைகளின் படங்களையெல்லாம் கடந்து, வெறும் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு, அங்கே இல்லாத படத்தை விவரித்தார். நனைந்த கற்கள், கனத்த சால்வைகள், அந்தப் பெண்ணின் கண்கள்.

"இவங்க முகத்த நிமிர்ந்து பாக்க முடியலன்னா, மத்த படங்களப் பாக்கறதுக்கும் நமக்கு யோக்யதை இல்ல," என்று முடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. மேயரின் மனைவிதான் மெல்ல, அந்தப் படம் எங்கே என்று கேட்டாள். நான் மாடியேறிப் போய் எடுத்துவந்தேன். சட்டகம் நல்ல கனம். தர்ல்பி ஒருவர்தான் கை கொடுத்தார். இருவருமாக மாட்டினோம்.

அதன் பிறகு அப்பா அவரை வீட்டுக்கு அழைக்கவே இல்லை. மேயரின் மனைவி தோழிகளைக் கூட்டி வந்து காட்டியதால் படத்தைக் கழற்றவும் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைப் பெண்களும் வர ஆரம்பித்தார்கள். கூடத்தைப் பூட்டச் சொன்னார் அப்பா. சாவி என்னிடம் இருந்தது. நான் பூட்டவில்லை.